மூன்றாவது அடுப்பு

எங்கள் அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொருவரும் தன் நிறத்தைச் சொல்லவேண்டும். வட்டமாக நிற்போம். கையில் வேலை இருப்பவர் பச்சை. வேலை முடியப்போகிறவர் மஞ்சள். வேலை இல்லாதவர் சிவப்பு. நான் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது. யாரும் சிவப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் ஒரே ஒருமுறை மஞ்சள் என்றார். அவர் நேர்மையானவர் என்று, அவர் போன பிறகு பேசிக்கொண்டார்கள்.

மற்ற நிறுவனங்கள் எப்படி நடக்கவேண்டும் என்று ஆலோசனை சொல்வது எங்கள் தொழில். ஆலோசனை கேட்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். முதலில் வரவேற்பறைச் செடிகள் போயின. அடுத்து காப்பி இயந்திரம். பிறகு வரவேற்பாளர். காப்பி இயந்திரம் இருந்த சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பழக்கத்தில் சிலர் கோப்பையோடு அதன்முன் போய் நின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

ஆளை வேலையைவிட்டு அனுப்புவதற்கு எங்கள் சொல் விடுவிப்பு. அதற்கு ஒரு முறை உண்டு. மனிதவள மேடம் அந்த ஆளின் மேசைமுன் வந்து நிற்பார். புன்னகைப்பார். பிறகு கைதட்டத் தொடங்குவார். எல்லோரும் எழுந்து தட்டவேண்டும். சரியாக அறுபது நொடி. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவார். அந்த ஆள் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படியிறங்குவார். யாரும் அவமானத்தோடு வெளியேறக் கூடாது என்பது எங்கள் நிறுவனப் பங்குதாரரின் கொள்கை. வேறு எதற்கும் எங்கள் அலுவலகத்தில் கைதட்டுவதில்லை.

மேடத்தின் செருப்புச் சத்தம் என் வரிசைப் பக்கம் திரும்பினால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

அம்மாவுக்கு இதய வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. மாற்றவேண்டும் என்றார் டாக்டர். அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி என்று நாள் குறித்துக் கொடுத்தார். எங்கள் நிறுவனத்தின் இன்சூரன்ஸ் பெற்றோருக்கும் உண்டு. நான் வேலையில் இருக்கும்வரை உண்டு. அம்மா வால்வு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுக்கும் நாள்வரை நான் பச்சையாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை பங்குதாரர் வட்டத்தின் நடுவில் வந்து நின்றார். நிறுவனம் அவருடையது. கூடவே இருந்த மற்ற மூன்று பங்குதாரர்களும் அந்த வருடம் தங்களைத் தாங்களே விடுவித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு மருத்துவமனை கிடைச்சிருக்கு. நூத்தி அறுபது படுக்கை. திங்கட்கிழமை அறிக்கை கேட்கிறாங்க. மூணு மாசம் ஆய்வு பண்ணணும்னு சொன்னேன். பண்ணி முடிச்சாச்சுன்னும் சொல்லிட்டேன்.”

எனக்கு ஏன் அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை.

“நம்ம ஆளு யாராவது அங்க போய்ப் பார்த்தாங்களா சார்?”

பங்குதாரர் என்னைக் கனிவோடு பார்த்தார்.

“உள்ள போனா உள்ள இருக்கிறவன் பார்க்கிறதைத்தான் நாமளும் பார்ப்போம். அதுக்கு அவனே போதுமே, நாம எதுக்கு? போகாம இருக்கிறதுதான் நம்ம பலம். நீ என்ன கலர்?”

“பச்சை சார்.”

“அப்ப நீதான் பண்ற.”

துணைக்கு டெம்ப்ளேட் அக்காவைக் கொடுத்தார். பதினோரு வருடமாக நிறுவனத்தின் எல்லா அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருப்பவர் அவர். அவருடைய உண்மையான பெயர் அவருடைய அட்டையில் மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்தோம். அக்கா ஒரு பேக்கரி நிறுவனத்துக்குப் போன வருடம் எழுதிய அறிக்கையைத் திறந்தார். அறுபத்து நான்கு பக்கம்.

“இதையாக்கா மாத்தப்போறோம்?”

“நம்மகிட்ட இருக்கிறது ஒரே அறிக்கைதான் தம்பி. பேக்கரிக்கு முன்னாடி இது செருப்புக் கம்பெனி. அதுக்கு முன்னாடி துறைமுகம். துறைமுகத்துக்கு முன்னாடி என்னன்னு எனக்கே தெரியாது, நான் சேர்ந்தப்பவே துறைமுகம்தான்.”

கணினியில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் இடமெல்லாம் தேடி வேறு சொல்லாக மாற்றித் தரும் கட்டளை இருக்கிறது. அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ரொட்டி என்று வருவதெல்லாம் நோயாளி. அடுப்பு, அறுவை அரங்கு. வாங்க வருபவர், உறவினர்.

“மாவுக்கு என்ன போடலாம்?”

அக்கா நகத்தைக் கடித்தார். “ரத்தம் போடு.”

நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாற்றப்பட்டதாகக் கணினி சொன்னது. இருபத்திரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது. நேற்றைய நோயாளியை மாலை நான்கு மணிக்குமேல் தட்டில் வைத்திருக்கக் கூடாது என்று இருந்தது. அடுத்த பத்தியில், அறுவை அரங்கின் மணம் தெருவரை வரவேண்டும், அதுவே சிறந்த விளம்பரம் என்று இருந்தது.

“அக்கா, ஒருதடவை முழுசா படிச்சுப் பார்த்துடலாமா?”

“எதுக்கு? வாங்குறவங்களே படிக்கமாட்டாங்க. கையில தூக்கிப் பார்ப்பாங்க. அறுபது பக்கத்துக்கு மேல கனத்தா நம்பிக்கை வந்துடும்.” பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “பதினோரு வருஷத்துல ஒருத்தர்கூடத் திரும்பி வந்து கேட்டதில்ல தம்பி. துறைமுகம் மூடிட்டாங்க. அப்பக்கூடக் கேட்கல.”

திங்கட்கிழமை காலை வட்டத்தில் அக்கா பச்சை என்றார். அரைமணி கழித்துச் செருப்புச் சத்தம் எங்கள் வரிசைக்குத் திரும்பியது. என் மேசையில் நிற்கப்போகிறது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் அடுத்த மேசையில் நின்றது. திறந்தபோது மேடம் அக்காவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் எழுந்து தட்டினோம். நானும் தட்டினேன். என் மேசை தப்பியதற்காகச் சற்று வேகமாகவே தட்டினேன் என்று நினைக்கிறேன். அக்கா அட்டையைக் கழற்றினார். கயிறு முடியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கக் குனிந்தபோது என் காதருகே சொன்னார்.

“படங்களைப் பார்த்தியா? படத்துக்குள்ள இருக்கிற எழுத்து மாறாது.”

அறிக்கை அதற்குள் அச்சாகிக் காருக்குப் போய்விட்டிருந்தது.

மருத்துவமனைக் கூட்ட அறையில் பதினான்கு பேர் இருந்தார்கள். நடுவில் இயக்குநர். அவர் டாக்டர் இல்லை. உரிமையாளரின் மருமகன். அவருக்கு இரண்டு பக்கமும் டாக்டர்கள். கடைசியில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், கொண்டையில் பென்சில் செருகிய தலைமை நர்ஸ்.

பங்குதாரர் பேசினார். நான் ஸ்லைடுகளைத் தள்ளினேன். பதிமூன்று ஸ்லைடு நன்றாகப் போயிற்று. பதினான்காவதில் ஒரு வரைபடம். நான்கு தூண்கள். மூன்றாவது தூண் மட்டும் சிவப்பு. அதன்கீழே பெரிய எழுத்தில், மூன்றாவது அடுப்பு: மொத்த வீணடிப்பின் காரணம், உடனே மூடவும்.

ஏசி ஓடும் சத்தம் கேட்டது. என் விரல் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தச் சொன்னேன், அது கேட்கவில்லை.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இந்த மூன்றாவது அடுப்புங்கிறது…”

அம்மாவின் முகம் என் கண்முன் வந்து போயிற்று. பங்குதாரர் மூன்று நொடி எடுத்துக்கொண்டார். நான் எண்ணினேன்.

“இந்தக் கேள்விக்காகத்தான் காத்திட்டிருந்தேன். இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. ஒரு மருத்துவமனையில முதல் அடுப்பு எது? கட்டடம். ரெண்டாவது? ஆளுங்க. ரெண்டும் கண்ணுக்குத் தெரியும். மூணாவது தெரியாது. ஆனா எல்லாம் அங்கதான் வேகுது. புரிஞ்சவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. புரியாதவங்களுக்கு விளக்கிப் பிரயோஜனம் இல்ல.”

இயக்குநர் மெதுவாகத் தலையாட்டினார். “நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்.”

பதின்மூன்று பேனாக்கள் எழுதின. ஒரு மூத்த டாக்டர் தான் எழுதியதன்கீழே இரண்டு கோடு போட்டார். “வந்த நாள்லேர்ந்து சொல்றேன், நம்ம பிரச்சினையே மூணாவது அடுப்புதான்” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

தலைமை நர்ஸ் மட்டும் கையைத் தூக்கினார்.

“முப்பத்தோராம் பக்கத்துல கருகிய நோயாளிகள்னு இருக்கே சார். தீக்காயத்தைச் சொல்றீங்களா?”

“சிஸ்டர்,” என்றார் இயக்குநர், “பெரிய விஷயம் பேசிட்டிருக்கோம். சின்னச் சின்ன விவரத்துக்குள்ள போகவேண்டாம்.”

நர்ஸ் கையை இறக்கினார். பங்குதாரரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

அடுத்த வாரப் புதன்கிழமை வட்டத்தில் மனிதவள மேடம் ஒரு நற்செய்தி சொன்னார். நிறுவனத்தின் இன்சூரன்ஸில் இருந்த இருபத்தாறு மருத்துவமனைகள் ஒன்றாகக் குறைக்கப்பட்டிருந்தன. அந்த ஒன்று எங்கள் வாடிக்கையாளர்.

“நம்ம ஆலோசனையை நாமளே நம்பலைன்னா வேற யார் நம்புவாங்க?” என்றார். “யாருக்காவது வருத்தமா?”

யாருக்கும் வருத்தம் இல்லை. எல்லோரும் பச்சை.

நான் மேலாளர் அறைக்குப் போனேன். பங்குதாரருக்கும் எனக்கும் நடுவில் இருப்பவர் அவர் ஒருவர்தான். முன்பு நான்கு பேர் இருந்தார்கள்.

“சார், அந்த ஆஸ்பத்திரி அறிக்கை, அது ரொட்டிக்கு எழுதினது.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இறக்கினார். மேசைக்குத் திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

“நீ சொல்லல. நான் கேட்கல.”

“எங்க அம்மாவை அங்கதான் சார் சேர்க்கணும். வால்வு ஆபரேஷன்.”

“ஒரு ஆலோசகரா யோசி. நீ போய் உண்மையைச் சொல்ற. சரி. உனக்கு வேலை போயிடும். வேலை போனா அம்மாவுக்கு இன்சூரன்ஸ் இல்ல. இன்சூரன்ஸ் இல்லைன்னா அந்த ஆஸ்பத்திரிக்கு அம்மா போகப்போறதே இல்ல. போகாத ஆஸ்பத்திரியில என்ன நடந்தா உனக்கென்ன?” நெற்றியைத் துடைத்தார். “அப்படிப் பார்த்தா உனக்குப் பிரச்சினையே இல்ல. பார்த்தியா, பத்தே நொடியில தீர்த்துட்டேன்.”

“ஆபரேஷன் பண்ணலைன்னா அம்மா…”

“அது நம்ம வேலை எல்லைக்குள்ள வராது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் ரெண்டு வாரமா தூக்கம் இல்லடா. மேடம் செருப்பு மாத்திட்டாங்க தெரியுமா? புதுசு சத்தமே போடல.”

அது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை.

வீட்டில் தங்கையிடம் மருத்துவமனை மாறியதைச் சொன்னேன். அவள் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

“அங்கயா? என் கூட வேலை பார்க்கிறவ மாமனாரை அங்க சேர்த்தா. அட்டையில நேத்தையதுன்னு எழுதி ஒட்டி, மறுநாள் சாயங்காலம் வெளிய அனுப்பிட்டாங்களாம். வாசல்ல நின்னு கைவேற தட்டினாங்களாம். அந்த ஆளுக்கு ஏதோ பரிசு விழுந்திருக்குன்னு நினைச்சு இவளும் தட்டியிருக்கா. என்ன ஆஸ்பத்திரிண்ணா அது?”

கைதட்டல் அறிக்கையில் இல்லை. அது பங்குதாரர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது.

“அவனை ஏன்டி அரட்டுற?” என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். “இவங்க ஆபீஸ்காரங்க யோசனை சொன்ன எடம். என் புள்ளை எழுதின அறிக்கை. அப்ப நல்லாத்தான் நடக்கும்.”

அம்மா அதைப் பக்கத்து வீடுகளிலும் சொல்லியிருந்தாள்.

பதினெட்டாம் தேதி காலை அம்மாவைச் சேர்த்தோம். வாசலில் ஆள் உயர மின்விசிறி ஒன்று தெருவைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு குழாய் கட்டடத்துக்குள் போயிற்று. தெருமுனைவரை மருந்து வாடை அடித்தது. எதிர்க் கடைக்காரர் மூக்கில் துண்டு கட்டியிருந்தார்.

உள்ளே வார்டின் தெருப்பக்கச் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டிருந்தார்கள். நேற்று வந்தவர்கள் முன்வரிசை. இன்று வந்தவர்கள் பின்வரிசை. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் இலவசம் என்று பலகை தொங்கியது. வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றவர் எங்களைப் பார்த்து, “நீங்க முன்னாடி போங்க சார், எனக்கு அவசரமில்ல” என்றார். நானும் அவசரமில்லை என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றோம்.

ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே பிசையும் பிரிவு என்று எழுதியிருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நடையை எட்டிப் போட்டேன்.

இரண்டாம் மாடி நடைபாதையின் கடைசியில் ஒரு பெரிய இரட்டைக் கதவு. மேலே பித்தளையில் பலகை: மூன்றாவது அடுப்பு. பூட்டு தொங்கியது. படுக்கை தள்ளிவந்த ஊழியரிடம் தங்கை அது என்னவென்று கேட்டாள்.

“அதாம்மா எல்லாத்துக்கும் காரணம். மூடணும்னு பெரிய அறிக்கையே வந்துச்சு. மூடறதுக்கு அப்படி ஒண்ணு இங்க இல்ல. சும்மா கெடந்த பழைய வார்டுக்குப் பேரு வச்சு, ரிப்பன் வெட்டித் திறந்தாங்க. அன்னைக்குச் சாயங்காலமே மூடிட்டாங்க. அதுலேர்ந்து யாரும் உள்ள போகக் கூடாது. டைரக்டர் இந்தப் பக்கமே வர்றதில்ல.”

“உள்ள என்ன இருக்கு?”

“தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லையாம். தெரியாதவங்களுக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லையாம்.”

மறுநாள் அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. அரங்குக்குள் இயக்குநர் வருவதில்லை, ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்றார்கள். ஆகவே அங்கே டாக்டர்கள் டாக்டர்களாகவே இருந்தார்கள். புது வால்வு சரியாக மூடுகிறது என்றார் அறுவை மருத்துவர். முகக்கவசத்தைக் கழற்றியபோது சிரித்தார். நடைபாதைக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். சட்டைப்பையில் ஒரு பச்சை வில்லை செருகியிருந்தது. இங்கும் வட்டம் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

“எத்தனை நாள் டாக்டர் இருக்கணும்?”

“எட்டு நாள் இருக்கணும்.” இரண்டு பக்கமும் பார்த்தார். “நான் சொன்னதா சொல்லாதீங்க.”

இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை வார்டின் பின்வரிசைக்கு வந்தாள். நான்காம் நாள் மதியம் நான் போனபோது முன்வரிசையில் இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா சேலைத் தலைப்பைத் தேடினாள். மருத்துவமனை அங்கிக்குத் தலைப்பு இல்லை. நெஞ்சில் தையல். விலாவில் இன்னும் ஒரு குழாய். கட்டில் கால்மாட்டு அட்டையில் சிவப்பில் நேற்றையது என்று எழுதியிருந்தது.

“எழுந்து நிக்க முடியுமாம்மா?”

“உக்காரவே ரெண்டு பேர் புடிக்கணும்டா. ஏன், போகணுமா?”

மணி இரண்டு ஐம்பது. அதிகாரி ஒருவரைத் தேடினேன். அவர் இயக்குநரைப் பார்க்கச் சொன்னார். இயக்குநர் மூன்றாவது அடுப்புக் குழுவின் வாராந்தரக் கூட்டத்தில் இருந்தார். கதவருகே நின்று கேட்டேன். மூடிய பிறகும் அது எரிகிறதோ என்று ஒரு டாக்டர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று நாற்பதுக்குக் கைதட்டல் தொடங்கியது.

வார்டின் அந்தக் கோடியில் முதல் கட்டில். அறுபது நொடி. சக்கர நாற்காலி உருளும் சத்தம். அடுத்த கட்டில். மறுபடி அறுபது நொடி. அலுவலகத்தில் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் அதைக் கேட்டிருக்கிறேன். இங்கே அது கட்டில் கட்டிலாக நெருங்கி வந்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் துல்லியமாக. வயதான ஒரு குரல், “யப்பா, கால் ஊன முடியலப்பா” என்றது. கைதட்டலில் அமுங்கிப்போயிற்று.

“அண்ணா, ஏதாவது பண்ணு,” என்றாள் தங்கை. அவள் கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கட்டிலோடு இழுத்துப்போகவேண்டும் என்றால் அவளையும் இழுக்கவேண்டும்.

அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் தட்டி முடித்தார்கள். ஐந்தாறு ஊழியர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். முன்னால் தலைமை நர்ஸ். அம்மாவின் அட்டையைக் கையில் எடுத்தார்.

நான் அவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றேன். என் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். எப்படியும் போகப்போகிறது.

“சிஸ்டர், அது ரொட்டிக்கு எழுதினது.”

அவர் அட்டையிலிருந்து நிமிர்ந்தார்.

“அந்த அறிக்கை. ஒரு பேக்கரிக்கு எழுதினது. ரொட்டின்னு இருந்ததை எல்லாம் நான்தான் நோயாளின்னு மாத்தினேன். நாலு மணி ரொட்டிக்கு. அடுப்புன்னா நிஜமாவே அடுப்பு. எங்க அம்மாவை அனுப்பாதீங்க.”

நர்ஸ் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க அடுத்த வார்டுக்குப் போங்க. இங்க நான் பார்த்துக்கிறேன்.” அவர்கள் போனார்கள்.

“தெரியும்,” என்றார் என்னிடம்.

“என்ன?”

“முதல் நாளே தெரியும். எங்க வீட்டுக்காரர் இருபது வருஷம் பேக்கரியில வேலை பார்த்தவர். சாயங்காலம் நாலு மணி, நேத்தையது, தட்டு… வீட்டுல தினமும் கேட்கிற பேச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க சொன்னீங்களா?”

நான் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன்.

அவர் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். “சொன்னா என்னை அனுப்பிட்டு வேற ஒருத்தியை வைப்பாங்க. அவளுக்குப் பேக்கரி தெரியாது. அதனால நான் உங்க அறிக்கையை முழுசா படிச்சேன். இந்தக் கட்டடத்துல நான் ஒருத்திதான் படிச்சிருக்கேன். முப்பத்தோராம் பக்கம் ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இல்லை. எழுதியவனுக்கு.

“கருகிய நோயாளிகளைத் தனியே எடுத்து வைக்கவேண்டும். அவற்றைத் தட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான்கு மணி விதி அவற்றுக்குப் பொருந்தாது.” ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். “கருகின ரொட்டியை யாரும் விக்கிறதில்லையே தம்பி.”

நேற்றையது என்பதை அடித்துவிட்டு அம்மாவின் அட்டையில் பென்சிலால் கருகியது என்று எழுதினார்.

“பென்சில் எதுக்கு சிஸ்டர்?”

“யாராவது கேட்டா அழிக்கணும்ல. புடிங்க அந்தப் பக்கம்.”

கட்டிலைத் தள்ளினோம். லிஃப்டில் இரண்டாம் மாடிக்கு ஏற்றி, நடைபாதையின் கடைசிவரை தள்ளினோம். நர்ஸ் இடுப்புச் சாவியை எடுத்துப் பித்தளைப் பலகையின் கீழிருந்த பூட்டைத் திறந்தார்.

மூன்றாவது அடுப்புக்குள் அறுபது கட்டில்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஆட்கள். சிலர் தூங்கினார்கள். ஒரு கிழவர் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியே அனுப்பவேண்டிய மணம் எதுவும் அங்கே இல்லை. அறுவை மருத்துவர் ஒரு கட்டிலருகே குனிந்து யாருக்கோ தையல் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் பச்சை வில்லையைக் காணோம்.

“வாங்கம்மா,” என்றார் வானொலிக் கிழவர். “நீங்களும் கருகிட்டீங்களா?”

“என்னமோ சொல்றாங்க,” என்றாள் அம்மா. “எனக்கு வால்வுன்னுதான் சொன்னாங்க.”

கட்டிலைச் சுவரோரம் நிறுத்தியபோது என் போன் அடித்தது. பங்குதாரர். எடுக்காவிட்டால் அது ஒரு நிறம்.

“எங்க இருக்க?”

“ஆஸ்பத்திரியில சார்.”

“பிரமாதம். சொல்லாமலேயே போயிட்டியா? அதான் முனைப்பு. கேளு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் வட்டமா நிக்கிறாங்க. டைரக்டர் இப்பத்தான் பேசினார். எண்ணிக்கையெல்லாம் அற்புதமாம். ஒண்ணைத் தவிர. கருகல் விகிதம். முப்பத்தெட்டு சதவீதம்! எந்தப் பேக்கரியிலும்…” நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். “எந்த மருத்துவமனையிலும் இவ்வளவு கருகாது. யாரோ வேணும்னே எழுதுறாங்கன்னு எனக்குத் தோணுது. யாருன்னு கண்டுபிடிச்சுத் தரணும். நாளைக்குள்ள.”

நர்ஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பேசுவது அவருக்குக் கேட்டது. பென்சில் அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது. அதன் மறுமுனை அழிப்பான் அம்மாவின் அட்டைமேல் இறங்கியது. அறுபது கட்டில்களையும் நான் பார்த்தேன்.

கூட்ட அறையில் பங்குதாரர் எடுத்துக்கொண்டது மூன்று நொடி. நான் நாலு எடுத்துக்கொண்டேன்.

“ஆள் இல்ல சார்,” என்றேன். “காரணம் மூன்றாவது அடுப்பு.”

“ஆங்?”

“மூடின பிறகும் உள்ள சூடு இருக்கு. அதான் கருகுது. அவசரப்பட்டுத் திறந்தா மொத்த மருத்துவமனையும் போயிடும். ஆறவிடணும். வெளியிலேர்ந்து ஆய்வு பண்ணணும். ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்தக் கதவுகிட்ட யாரும், டைரக்டர்கூட, வரக் கூடாது.” மூச்சு வாங்கினேன். “புரிஞ்சவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல சார்.”

மறுமுனையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

“ஆறு மாச வேலையா?” என்றார் பங்குதாரர் மிக மெதுவாக.

“குறைஞ்சது.”

பிறகு ஒருவர் கைதட்டினார். இன்னொருவர். பிறகு எல்லோரும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு கைதட்டல்தான் உண்டு. கையில் பிடித்திருந்த அட்டை நனைந்துவிட்டது. எண்ண ஆரம்பித்தேன். பத்து. இருபது. மேடம் இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“யாருடா போன்ல?” என்றாள் அம்மா.

“ஆபீஸ்லம்மா. கைதட்டுறாங்க.”

“எதுக்கு?”

“தெரியலம்மா.”

நாற்பது. ஐம்பது. ஐம்பத்தைந்தில் தங்கை என் கையைப் பிடித்தாள். அறுபதில் என்ன நடக்கும் என்று அவளுக்கும் இப்போது தெரியும். ஐம்பத்தொன்பது. அறுபது.

நிற்கவில்லை. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. எழுபதைத் தாண்டியும் தட்டினார்கள். அதற்கு எங்களிடம் விதி எதுவும் இல்லை. நிறுத்தவேண்டியவர்களுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். தொண்ணூறில் நான் போனை அணைத்தேன். அட்டையை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கயிறு இரண்டு முறை நழுவியது.

நர்ஸ் பென்சிலைக் கொண்டையில் செருகினார். என் சட்டைப்பையிலிருந்து கேட்காமலே பேனாவை எடுத்தார். அம்மாவின் அட்டையில் கருகியது என்ற சொல்லின்மேல், அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக, மையால் எழுதினார். எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.